ஓட்டு இல்லாத இரண்டு பேர்

செப்டம்பர் 21, சனி

இன்று முதல் என் அபிப்பிராயங்களை இந்த நோட்டில்தான் எழுத வேண்டும் என்று என் மனைவி லோசனி உத்தரவு போட்டுவிட்டாள். வாட்ஸப்பில் கூடாது, ஃபேஸ்புக்கில் கூடாது, கோயில் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்கிறவரிடம் கூடாது. "உங்களுக்கு அபிப்பிராயம் வந்தா இதுல எழுதி மூடி வையுங்க. யாருக்கும் சேதாரம் இல்ல" என்றாள். பள்ளிக்கூடச் சாமான் தள்ளுபடியில் வாங்கிய நோட்டு. அட்டையில் யூனிகார்ன் படம். ஐம்பத்திரண்டு வயதில் யூனிகார்ன் நோட்டில் அமெரிக்க அரசியல் எழுத வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

முறைப்படி ஆரம்பிக்கிறேன். பெயர் நெல்லையப்பன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. இருபது வருடமாகப் பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பிறத்தியார் செய்ததில் தப்புக் கண்டுபிடித்தால் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை நிறுத்துவதில்லை என்பது லோசனியின் புகார்.

நடந்தது இதுதான். எனக்கும் குருவுக்கும் தகராறு. குருபரன், பொள்ளாச்சிக்காரன், மனைவி தேன்மொழி. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் ஒரே அபார்ட்மெண்டில், ஒரே ரைஸ் குக்கரில் பொங்கிச் சாப்பிட்டவர்கள் நாங்கள். 'ஆற்றங்கரைத் தமிழ்க் குடும்பங்கள்' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு, இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் தேர்தல் பேச்சு வந்தது. அவன் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. யார் எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை, நோட்டு யார் கையில் சிக்குமோ. போன வாரம் திங்கட்கிழமை நான் ஒரே ஒரு வரி எழுதினேன். அவன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். அந்த வரி என்ன என்பது இங்கே அவசியம் இல்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் இந்த நாட்டுல ஓட்டே கிடையாது. எதுக்கு இந்த அடிதடி?" என்று லோசனி கேட்டாள். எனக்குக் கிரீன் கார்டு, அவனுக்கு அதுவும் இல்லை, வேலை விசா. ஓட்டு இல்லாவிட்டால் அபிப்பிராயமும் இருக்கக்கூடாதா என்று கேட்டேன். நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தொழில்நுட்பம் பற்றி ஒரு அபிப்பிராயம். என் செல்போன் எண் எனக்கு முன்னால் டெபோரா என்று ஒரு அம்மாளிடம் இருந்தது. இரண்டு கட்சிகளும் அவரை இன்னும் விடவில்லை. இன்று மட்டும் ஒன்பது குறுஞ்செய்தி. "டெபோரா, உன் ஒரு ஓட்டுதான் நாட்டைக் காப்பாற்றும்." "டெபோரா, எங்களைக் கைவிட்டுவிட்டாயா?" ஒருவர் அழுதுகொண்டே எழுதுவதாகச் சொல்கிறார். இவ்வளவு கம்ப்யூட்டர் மூளையை வைத்துக்கொண்டு, இந்த எண்ணில் நான்கு வருடமாக மீசை வைத்த ஒரு ஆள் இருக்கிறான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதைக் குருவுக்குத்தான் அனுப்பியிருப்பேன். அவன் என்னை டெபோரா என்றே கூப்பிடுவான், கடையில் நாலு பேர் முன்னால்கூட.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஏரி நடை தனியாக. பதினாறு வருடமாக ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானும் குருவும் ஏரியைச் சுற்றுவோம். ஃபிளாஸ்க் காப்பி அவன் கொண்டுவருவான். காப்பியில் குறை சொல்வது என் பங்கு. இன்று நானே போட்டு எடுத்துப் போனேன். குறை சொல்வதற்கு நிறையவே இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

எதிரே வந்த அத்தனை பேரும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பதிலுக்காக ஒருவரும் நிற்கவில்லை. முதலில் வந்த நாட்களில் இந்தப் பழக்கம் எனக்குக் கோபம் தந்தது. இன்று நிற்காமல் போனது நல்லதாகவே பட்டது.

அவன் வராததற்கு நான் வருத்தப்படவில்லை. வந்திருந்தால் பேசியிருப்பேனா என்பதே சந்தேகம். வண்டி நிறுத்துமிடத்தில் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கால் வலி.

அக்டோபர் 5, சனி

கடைக்குப் போயிருந்தோம். வாசல் மணிக் கேமரா என் போனைத் தட்டியது: "உங்கள் வாசலில் ஒரு நபர் இருக்கிறார்." பார்த்தால் குரு. சாம்பல் நிறச் சட்டை, சவரம் செய்யாத முகம். கையில் இரண்டு பெரிய பை, கக்கத்தில் ஒரு மண்வெட்டி. மணியை நோக்கி விரலைக் கொண்டுபோனான். அப்படியே நின்றான். விரலை இறக்கிவிட்டான். எல்லாவற்றையும் கால்மிதிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். முறுக்கு அச்சு. என் துளைபோடும் மெஷின். பனி அள்ளும் மண்வெட்டி. நான்கு வருடம் முன்னால் இரவல் கொடுத்து நானே மறந்துபோன சதுரங்கப் பலகை. ஒன்றுவிடாமல் எல்லாம். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

முறுக்கு அச்சையும் கொண்டுவந்து வைத்துவிட்டான் என்பதுதான் தாங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டுக் கார் ஷெட்டில் கேஸ் அடுப்பு வைத்து முறுக்குச் சுடுவோம். வீட்டுக்குள் எண்ணெய் வைத்தால் புகை அலாரம் அலறித் தீயணைப்பு வண்டி வந்துவிடும், ஒரு தடவை வந்தது. அதனால் ஷெட். அவன் பிழிவான், நான் சுடுவேன். எண்பது வீட்டுக்குப் போகும். அச்சைத் திருப்பித் தருவதென்றால் உறவை அறுத்துக்கொள்கிறான் என்றுதானே அர்த்தம்? சின்னப் புத்தி. அரசியலை இவ்வளவு சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ளலாமா?

லோசனியிடம் சொன்னேன். அவள் மண்வெட்டியைப் பார்த்தாள். "பனி வரப்போவுது. அண்ணனுக்கு வேண்டாமாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

கேமராக் காட்சியை இன்னொரு தடவை பார்த்தேன். லோசனி, நோட்டை ரகசியமாகப் படிக்கிறாய் என்றால், ஏழு தடவை.

அக்டோபர் 12, சனி

அமெரிக்கச் சமூகம் பற்றி. பக்கத்து வீட்டு ஹாங்க், எழுபது வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிர் வீடு கேரல், பள்ளி நூலகர். அவர் புல்வெளியில் ஒரு கட்சிப் பலகை, இவர் புல்வெளியில் இன்னொரு கட்சிப் பலகை. மாறி மாறிப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். இப்போது ஹாங்கின் பலகை ஜன்னலை மறைக்கிறது. இன்று காலை பார்க்கிறேன், கேரல் வீட்டுக் கூரைக் குழாயில் அடைத்த இலைகளை ஹாங்க் ஏணி போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். கீழே கேரல் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "உன் ஆள் ஜெயித்தால் கையை விட்டுவிடுவேன்" என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

இந்த நாட்டைப் பற்றி நான் சொல்லாத குறை இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்குக் கார் எடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுவார்கள், தண்ணீர்ப் புட்டி வாங்கினால்கூடத் திரையைத் திருப்பி எவ்வளவு டிப்ஸ் என்பார்கள். இருந்தாலும் அந்த ஏணியைப் பார்த்தபோது இவர்கள்மேல் பிரியம் வந்தது.

அக்டோபர் 16, புதன்

லோசனி சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஏதோ பேச்சில், குரு திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றேன். அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணனுக்கு வேலை போயிட்டு. ஆட்குறைப்பு. தேன்மொழி என்கிட்ட அழுதுகிட்டே சொன்னா, யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா. அறுபது நாளைக்குள்ள வேற வேலை கிடைக்கணும், இல்ல நாட்டை விட்டுக் கிளம்பணும். முப்பத்தேழு நாள் ஆச்சு. ஒண்ணும் கிடைக்கல."

"எப்பப் போச்சு?"

"செப்டம்பர் ஒன்பது. திங்கக்கிழம."

உட்கார்ந்துவிட்டேன். "இத்தனை நாள் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்களா போவீயன்னு பாத்தேன்" என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

செப்டம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை நான் குழுவில் எழுதிய வரி:

"இந்த ஊரு அவ்வளவு மோசம்னா கிளம்பு குரு. டிக்கெட்டை நான் போடுதேன்." பக்கத்தில் மூன்று சிரிப்புப் பொம்மை. பதினேழு பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள்.

கிரீன் கார்டுக்கு நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் விண்ணப்பித்தோம். என் கம்பெனி மார்ச்சில் அனுப்பியது, அவன் கம்பெனி ஜூலையில். பல வருடம் கல்லாக நின்ற வரிசை ஒரு நாள் நகர்ந்து என்னை உள்ளே விட்டது. அவனுக்கு முன்னால் மறுபடி நின்றுவிட்டது. என் கார்டு வந்த அன்று கேக் வாங்கி வந்தவன் அவன்தான். நான்கு மாத வித்தியாசத்தில் சொந்த வீட்டுக்காரன் மாதிரி அவனிடம் பேசியிருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

போனேன்.

கதவைத் திறந்தான். ஹாலில் அட்டைப் பெட்டிகள். சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரம். தேன்மொழி தன் பெற்றோர் வீட்டில் ஒரு அறையைச் சரிசெய்ய முன்கூட்டியே பொள்ளாச்சி போய்விட்டாளாம். மகள் வதனி இங்கே பிறந்தவள், பத்தொன்பது வயது, காலேஜ் விடுதியில் இருக்கிறாள். அவள் இங்கேயே இருப்பாள்.

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வாயில் வரவில்லை. "ஏன்லே சொல்லல?" என்று அவனையே திட்டிவிட்டேன்.

"எங்கே சொல்ல? இருநூத்திப் பதினாலு பேரு கைதட்டிட்டு இருந்தாங்க" என்றான்.

"பதினேழு பேர்தான்."

"எண்ணிப் பார்த்தியாக்கும்?" லேசாகச் சிரித்தான். பிறகு முகம் மாறிவிட்டது. "நெல்லை, நீ வந்தது சந்தோசம்டா. ஆனா இப்பப் பேச முடியாது. பேசினா எதாச்சும் சொல்லிப்போடுவேன்."

சுற்றுலா விசாவுக்கு மாற்றிக்கொண்டு இன்னும் ஆறு மாதம் தேடலாமே என்றேன். வக்கீலும் அதைத்தான் சொன்னாராம். "இருபது வருசம் குடியிருந்த ஊருல விருந்தாளின்னு எழுதிக் குடுத்துட்டு இருக்கோணுமா? என்னால ஆவாதுடா" என்றான். நவம்பர் ஆறாம் தேதிக்குப் பயணம் போட்டுவிட்டான்.

நான் காரில் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தான். "அச்சைக் கழுவி வெச்சிருக்கியா? அடுத்த சனிக்கிழமை வர்றேன்" என்றான்.

அக்டோபர் 26, சனி

எண்பது வீட்டு முறுக்கு. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. ஷெட் கதவைப் பாதி திறந்து வைத்து, வெளியே குளிர், உள்ளே எண்ணெய்ச் சூடு. புதிதாக வாங்கிய சூடு பார்க்கும் துப்பாக்கியை எண்ணெய் மேல் நீட்டி, "நூற்று எழுபத்தாறு டிகிரி" என்று அறிவித்தேன். குரு மாவில் ஒரு துளி கிள்ளிப் போட்டான், மேலே வந்தது. "இது ஓசி" என்றான்.

முதல் இரண்டு மணி நேரம் மாவுப் பதம், எள்ளின் அளவு தவிர வேறு பேச்சு இல்லை. ஹாங்க் வாசம் பிடித்து வந்து ஆறு முறுக்கு தின்றுவிட்டு, எங்கள் கட்சிப் பலகையை எப்போது நடப்போகிறோம் என்று கேட்டார். ஓட்டு இல்லை என்றோம். "இரண்டு பேரும் இவ்வளவு பேசுவீர்கள், ஓட்டு இல்லையா?" என்று அவர் வாயைப் பிளந்தார்.

அவர் போன பிறகு குரு பிழிந்துகொண்டே சொன்னான்.

"அன்னிக்கு ஒம்பதே முக்காலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க. பத்து நிமிசத்துல பொட்டியோட பார்க்கிங்ல நிக்கிறேன். முதல்ல உனக்குத்தாண்டா போன் போட்டேன். தேனுக்குக்கூட அப்புறம்தான். நீ கட் பண்ணிட்டே. சரி, மீட்டிங்ல இருப்பியாட்டம்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த நிமிசம் குரூப்புல உன்ற மெசேஜ் வந்துச்சு."

எண்ணெயில் நான்கு முறுக்கு. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீட்டிங் என்று அவனே எனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுத்திருந்தான். அதை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். இந்த நோட்டில்கூட இன்று வரை அப்படித்தான் மூடிவைத்திருந்தேன்.

"மீட்டிங் இல்ல குரு. உன் பேரு திரையில வந்துச்சு. நீ சண்டை போடத்தான் கூப்பிடுதேன்னு நெனச்சேன். அந்த வரியைப் பாதி அடிச்சிருந்தேன், முடிக்கணும்னு கட் பண்ணிட்டேன்."

அவன் கை நின்றுவிட்டது. அச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் திட்டை எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். மறுபடி ஒரு சுற்றுப் பிழிந்தான், இன்னொரு சுற்றுப் பிழிந்தான்.

"கருகுது, எடுடா" என்றான்.

எடுத்தேன். நான்கும் கறுப்பு. அவன் அதில் ஒன்றை எடுத்துப் பாதி உடைத்து என்னிடம் நீட்டினான், மீதியை அவன் தின்றான். இரண்டு பேரும் கசப்போடு மென்றோம். "தூக்கிப் போட மனசு வரல" என்றான். முறுக்கைத்தான் சொல்கிறானா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

லோசனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு குழுவில் எழுதினேன்: "செப்டம்பர் 9 அன்று குருபரனைப் பார்த்து இங்கே நான் எழுதியது தவறு. அன்று காலைதான் அவனுக்கு வேலை போயிருந்தது. அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் தவறுதான். உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன், உங்கள் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்." வேலை போன விஷயத்தை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். "எழுது, இனி மறைச்சு என்னாவப் போவுது" என்றான்.

அனுப்புவதற்கு அரை மணி நேரம் ஆனது. அபிப்பிராயம் எழுதும்போது இவ்வளவு நேரம் எடுத்ததே இல்லை. கட்டைவிரல் போட்ட பதினேழு பேரில் ஐந்து பேர் அவன் வீட்டுக்குச் சாப்பாட்டோடு போனார்களாம். ஒருவர் மட்டும் முறுக்கு எப்போது வரும் என்று கேட்டிருந்தார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேலை நாள். காலையில் எண்ணெய்க் குளியல், பத்து மணிக்கு மென்பொருள் சோதனை. குரு எங்கள் வீட்டில் சாப்பிட்டான். காப்பியில் அவன் குறை சொன்னான்.

நவம்பர் 3, ஞாயிறு

ஏரி. இரண்டு பேரும். மூன்று சுற்று.

நவம்பர் 5, செவ்வாய்

தேர்தல். வதனி முதல் தடவையாக ஓட்டுப் போடக் காலேஜிலிருந்து வந்தாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஓட்டு உள்ள ஒரே ஆள். இரண்டு மாதம் நாங்கள் அடித்துக்கொண்டோமே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி. குருவும் நானும் கயிற்றுக்கு வெளியே நின்றோம். அவள் வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"கேக்கவே கேக்காதீங்க மாமா. அப்பா, நீங்களும்தான்" என்றாள்.

இனி சனி ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "லோசனி அத்தை ஆல்ரெடி சொல்லிட்டாங்க, சாவியும் குடுத்துட்டாங்க" என்றாள். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் எவ்வளவு நல்ல காரியங்கள் நடக்கின்றன.

நவம்பர் 6, புதன்

ஃபிலடெல்பியா விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். லீவு போட்டுவிட்டு நான் ஓட்டினேன். பின்னால் நான்கு பெட்டி, முன்னால் அவன். வதனியிடம் நேற்றே சொல்லிக்கொண்டு வந்துவிட்டான். நானும் ரேடியோவைப் போடவில்லை, அவனும் போனை எடுக்கவில்லை. முதல் ரைஸ் குக்கரைப் பற்றிப் பேசினோம். அவன் அப்பாவுக்கு வந்த சர்க்கரை, என் முட்டி வலி, வதனி கார் ஓட்டுகிற வேகம். வண்டி பாதி வழி போன பிறகு அவன் தூங்கிவிட்டான். இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று தேன்மொழி போனில் சொல்லியிருந்தாள். மெதுவாக ஓட்டினேன்.

சோதனை வரிசை வரை கூட வந்தேன். அதற்குமேல் விடமாட்டார்கள். "அடுத்த தேர்தலுக்கு உனக்கு ஓட்டு வந்துரும்" என்றான்.

"யாருக்குப் போட?"

"யாருக்கோ போடு. எங்கிட்ட மட்டும் சொல்லாத." என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினான். பெல்ட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, தட்டில் வைத்தான். எதிர்ப்பக்கம் போய் ஒற்றைக் காலில் நின்று ஷூவை மாட்டும்போது தடுமாறினான். பக்கத்தில் ஒரு ஆள் பிடித்துக்கொண்டார். நான் கையை நீட்டியிருந்தேன், முப்பது அடி தூரத்தில்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஹாங்க் இலை வாரிக்கொண்டிருந்தார். என் கார் நின்றதுமே ஆவலாகப் பக்கத்தில் வந்தார். "நெல்லை! காலையிலிருந்து உன்னைத்தான் தேடுகிறேன். முடிவைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன?"

"என் சிநேகிதன் ஊருக்குப் போய்விட்டான், ஹாங்க். திரும்பி வரமாட்டான்" என்றேன்.

அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது, நடுத்தெருவில், பட்டப்பகலில். ஹாங்க் கையில் இருந்ததைப் புல்லில் போட்டுவிட்டு வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஆள் ஜெயித்தாரா தோற்றாரா என்று எனக்கு அப்போதும் தெரியாது.